காணாத பாரத்துக்குக் கணக்குச் சொல்பவர்கள்

பிரிட்டனில் எந்த ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டானாலும், காலையில் கதவு திறக்கும்போது பாலும் ரொட்டியும் ஸ்பெயின் தேசத்துத் தக்காளியும் அலமாரிகளில் வரிசை குலையாமல் நிறைந்திருக்கக் காணும் ஜனங்கள், அவை முந்தின இரவு எந்த வழியாக, யாருடைய உழைப்பால், எத்தனை விதிகளுக்கும் அபராதங்களுக்கும் நடுவே அங்கு வந்து சேர்ந்தன என்று நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்துப் பார்த்தே தீர வேண்டிய சந்தர்ப்பம் 2021-ஆம் வருஷத்தில் வந்தது. அலமாரிகள் அங்கங்கே காலியாயின. செப்டம்பர் மாதக் கடைசியில் பெட்ரோல் பங்குகளின் முன் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. அக்டோபர் முதல் வாரத்தில் எரிபொருள் லாரிகளை ஓட்ட ராணுவ வீரர்களையே வரவழைக்க நேர்ந்தது. லாரி ஓட்டுநர்கள் ஏறக்குறைய 1,00,000 பேர் பற்றாக்குறை என்று சாலைச் சரக்குப் போக்குவரத்து முதலாளிகளின் சங்கம் மதிப்பிட்டது. அரசாங்கம் வெளிநாட்டு ஓட்டுநர்களுக்கு 5,000 தாற்காலிக விசாக்களை அறிவித்தது. டெஸ்கோ என்னும் சூப்பர் மார்க்கெட் ஸ்தாபனம் புதிதாகச் சேரும் ஓட்டுநருக்கு 1,000 பவுண்டு சன்மானம் தருவதாக விளம்பரம் செய்தது.

அந்நாட்களில் அரசாங்கம் செய்த காரியங்களுள் மற்றொன்று இவற்றைவிட அதிகமாக விஷயத்தை விளக்குகிறது. கனரக வாகன லைசென்ஸ் வைத்திருந்த சுமார் பத்து லட்சம் பேருக்கு, லாரித் தொழிலுக்குத் திரும்பி வரும்படி வேண்டிக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களுள் பலர் அப்போதும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தாம் என்றாலும், பரீட்சை எழுதி, வைத்தியச் சோதனையில் தேறி, பணம் செலவழித்துப் பெற்ற லைசென்ஸைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போனவர்கள் அத்தேசத்தில் ஏராளமாக இருந்தார்கள் என்பதை அரசாங்கமே அக்கடிதங்களின் மூலம் ஒப்புக்கொண்டது போலாயிற்று. ஆகவே, ஓட்டத் தெரிந்தவர்கள் இல்லையே என்று கேட்பதைக் காட்டிலும், தெரிந்தவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேட்பதே பொருத்தமான கேள்வியாகும்.

கூலி குறைவு என்பது ஒரு பதில், அது மெய்யுங்கூட. ஆனால் 2021-க்குப் பின் கூலி பல இடங்களில் கணிசமாக உயர்ந்தும், குறை தீர்ந்துவிட்டதாக ஓட்டுநர்கள் சொல்லவில்லை. அவர்களுடைய வேலையின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால், கூலிக்கு அப்பாலும் ஒரு அநியாயம் அதில் குடிகொண்டிருப்பது தெரியவரும். சரக்கை ஏற்றுபவர் ஒருவர். எந்நேரம் புறப்படுவது, எந்நேரம் சேர்வது என்று விதிப்பவர் ஒருவர். வந்த வண்டியை உள்ளே விடுவதா, காக்க வைப்பதா என்று தீர்மானிப்பவர் மற்றொருவர். ஆனால் சரக்கு சரிந்தாலும், எடை மிகுந்தாலும், குளிர் குறைந்தாலும், நேரம் தவறினாலும், சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த ஒரே மனிதர். அதிகாரம் பல கைகளில் பிரிந்திருக்க, பொறுப்பு மாத்திரம் ஒரு தலையில் வந்து குவிகிறது.

இந்த ஏற்பாடு நெடுநாளையதன்று. ஸெயின்ஸ்பரி ஸ்தாபனத்தார் 1950-இல் கிராய்டனில் தங்களுடைய முதல் சுயசேவைக் கடையைத் திறந்த காலத்திலும், அதற்குப் பின் வெகுகாலம் வரையிலும், பிஸ்கோத்துக் கம்பெனியும் பழ வியாபாரியும் பால் பண்ணையும் தத்தம் வண்டிகளைக் கடைவாசலுக்கே அனுப்புவது சாதாரணமாக இருந்தது; கடையின் பின்கட்டில் பெரிய கிடங்கு இருந்தது; ஒரு வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானால் உலகம் முழுகிப் போய்விடவில்லை. 1980-களில் டெஸ்கோ முதலிய பெருவியாபாரிகள் சரக்கு முழுவதையும் தங்களுடைய பிராந்தியக் கிடங்குகளில் சேர்த்து, அங்கிருந்து தங்கள் ஆணைப்படி ஓடும் லாரிகளில் கடைகளுக்கு அனுப்பும் முறைக்கு மாறினார்கள். இங்கிலாந்தின் மத்திய பிரதேசத்தில், லட்டர்வொர்த்தின் மாக்னா பார்க், டாவென்ட்ரியின் ரயில் சரக்கு நிலையம் போன்ற இடங்களைச் சூழ்ந்து எழுந்துள்ள பிரம்மாண்டமான தகரக் கொட்டகைகளை எம்-1, எம்-6 நெடுஞ்சாலைகளில் பிரயாணம் செய்கிற எவரும் பார்த்திருப்பார்கள். நாலு மணி நேர ஓட்டத்துக்குள் தேசத்து ஜனங்களில் பெரும்பாலோரை எட்டிவிடலாம் என்பதனால் அந்தப் பிரதேசத்துக்குத் ‘தங்க முக்கோணம்’ என்று வியாபாரிகள் பெயரிட்டிருக்கிறார்கள். இம்மாறுதலால் சரக்கு விலை மலிந்தது, பொருள்கள் புதுமை கெடாமல் வந்தன, இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் கடையின் பின்கட்டுக் கிடங்கு சுருங்கிச் சுருங்கி ஓர் அறை அளவுக்கு வந்துவிட்டபடியால், சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் லாரியே கிடங்காயிற்று. பகலிலும் இரவிலும் நிமிஷக் கணக்கில் வரிசைப்படுத்திய நேரங்களில் அது வந்தே தீரவேண்டியதாயிற்று. அந்த நிமிஷக் கணக்கின் கண்டிப்பு முழுவதும் ஓட்டுநர் மீது விழுந்தது.

ஓட்டுநர் கிடங்குக்கு வந்தவுடன் செய்கிற முதற்காரியம், பெரும்பாலான இடங்களில், வண்டியின் சாவியை அலுவலகத்தில் ஒப்படைப்பது. சரக்கு ஏற்றும் யந்திரம் ட்ரெய்லருக்குள் இருக்கும்போது வண்டி நகர்ந்து ஆட்கள் நசுங்கி இறந்த துர்ச்சம்பவங்கள் உண்டாகையால் இந்த விதி ஏற்பட்டது. அதைக் குறை கூற நியாயமில்லை. ஆனால் சாவியைக் கொடுத்தபின் அவர் போய் உட்கார வேண்டிய இடம் ஓட்டுநர்களுக்கென ஒதுக்கிய காத்திருப்பு அறை. சரக்கு ஏறுகிற தளத்துக்கு வர அவருக்கு அனுமதி இல்லை. 13.6 மீட்டர் நீளமுள்ள ட்ரெய்லருக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட கேஜ்கள், அதாவது நான்கு சிறு சக்கரங்களில் உருளும் ஆளுயரக் கம்பிக் கூண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்படுகின்றன. எந்தக் கூண்டில் தண்ணீர்ப் புட்டிகள், எதில் காகிதச் சுருள், குறுக்கு வார்கள் எத்தனை வரிசைக்கு ஒன்றாக இறுக்கப்பட்டன, இறுக்கினவர் அவசரத்தில் ஒன்றைத் தளரவிட்டாரா என்பதெல்லாம் உள்ளே நடக்கிறபோது ஓட்டுநர் சுவருக்கு இப்பால் இருக்கிறார். கதவு சாத்தி இலக்கமிட்ட முத்திரை பூட்டப்படுகிறது. முத்திரை எண்ணும் கடைகளின் வரிசையும் கண்ட தாளும் சாவியும் அவர் கைக்கு வருகின்றன. முத்திரையை வழியில் உடைத்துப் பார்த்தால் கடையில் சரக்கையே நிராகரித்துவிடக் கூடும். உடைக்காமல் போனால் உள்ளே இருப்பது இன்ன நிலையில் இருக்கிறது என்று அவருக்கு நிச்சயமில்லை.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது? 1988-ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40-ஏ பிரிவு, சரக்கின் எடையோ, நிலையோ, கட்டப்பட்ட விதமோ பிறருக்கு ஆபத்து விளைக்கும்படி இருந்தால், அவ்வாகனத்தைச் சாலையில் செலுத்துவதே குற்றம் என்கிறது. அதே சட்டத்தின்படி, அபாயகரமாக ஓட்டினார் என்னும் பெருங்குற்றத்தை நிர்ணயிக்கும்போதும், வண்டியில் ஏற்றியுள்ள பொருளையும் அது ஏற்றப்பட்ட முறையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். சரக்கின் முழு எடைக்குச் சமமான விசை முன்னோக்கித் தள்ளினாலும், பாதி எடைக்குச் சமமான விசை பக்கவாட்டிலோ பின்னோக்கியோ தள்ளினாலும், அது அசையாதபடி தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது வாகனச் சோதனை இலாகா வகுத்துள்ள அளவு. பொறுப்பு ஏற்றியவருக்கும் அனுப்பியவருக்கும் வாகனச் சொந்தக்காரருக்கும் ஓட்டுநருக்கும் பொதுவானது என்று அந்த இலாகாவின் வழிகாட்டியே சொல்லுகிறது. அது நல்ல வாசகம். ஆனால் நள்ளிரவில் சோதனை நிலையத்துக்குள் திருப்பி விடப்பட்ட லாரியில் ஏற்றியவரும் இல்லை, அனுப்பியவரும் இல்லை. அபராதச் சீட்டும் லைசென்ஸில் விழும் புள்ளிகளும் அங்கே இருப்பவருக்கே உடனடியாகக் கிடைக்கின்றன. கம்பெனியின் மீது விசாரணை வருவதற்கு மாதங்கள் ஆகும்.

எடை விஷயம் இதனினும் நுட்பமானது. ஆறு அச்சுக்கள் கொண்ட பெரிய லாரிக்கு மொத்தம் 44 டன் உச்சவரம்பு. அதனுள்ளும் ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. மொத்த எடை வரம்புக்குள் அடங்கியிருக்க, ஓர் அச்சின் மேல் மட்டும் பாரம் மிகுந்துபோனாலும் குற்றமே. மூன்று கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டியில் முதற்கடையின் கேஜ்கள் கதவோரத்தில் இருக்கும். அவற்றை இறக்கிவிட்டால் வண்டி லேசாகிவிட்டது என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் ட்ரெய்லரின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பாகத்தில் இருந்த எடை நீங்கியதும், ஏற்றமரத்தின் பின்கோடியில் நின்றவன் இறங்கினால் முன்கோடி தாழ்வதைப்போல, முன்னால் மிஞ்சியிருக்கும் சரக்கு இழுவை வண்டியின் அச்சை முன்னைக்காட்டிலும் அதிகமாக அழுத்துகிறது. புறப்படும்போது சட்டப்படி இருந்த வண்டி, பாரம் குறைந்த காரணத்தினாலேயே, இரண்டாவது கடைக்குப் போகும் வழியில் சட்டத்தை மீறியதாகிவிடலாம். குளிர்பானமும் தகர டப்பா உணவுகளும் முன்பக்கம் நிறைந்திருக்கும் வண்டிகளில் இது கவனிக்க வேண்டிய ஆபத்து. வரம்பை மீறிய அளவுக்குத் தக்கபடி 100, 200, 300 பவுண்டு என்று அபராதம் ஏறுகிறது. மிகவும் மீறினால் நீதிமன்றந்தான். இதைத் தவிர்க்க இருக்கும் வழி, மீதியுள்ள கேஜ்களைப் பின்னால் நகர்த்தி மறுபடி வாரிட்டுக் கட்டுவது. அந்தக் காரியத்துக்குக் கடை முற்றத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்று ஓட்டுநர்களைக் கேட்டால், நேரமா என்று திரும்பக் கேட்பார்கள்.

கடை முற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நகரத்துப் பழைய தெருக்களில் உள்ள கடைகள் பலவற்றுக்குச் சரக்கு இறக்கும் மேடை கிடையாது. ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவருகே உள்ள டெயில் லிஃப்ட் எனப்படும் தூக்குப் பலகையின் மேல் ஒவ்வொரு கேஜாக இழுத்து நிறுத்தித் தரைக்கு இறக்க வேண்டும். நிறைந்த கேஜ் ஒன்று சில சமயங்களில் 500 கிலோவை நெருங்கும். அதன் சக்கரங்களில் ஒன்று சுழலாமல் இறுகிப்போயிருந்தால், நேரே தள்ளினாலும் அது ஒரு பக்கமாகத் திரும்பும்; வண்டி நிற்கும் முற்றமோ மழைநீர் வடிவதற்காகச் சரிவாக அமைக்கப்பட்டது. பலகை தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கிறது, மழையில் நனைந்திருக்கிறது, பின்புறம் விளிம்பில் விரலளவு உயரமுள்ள தடுப்பு மாத்திரம் இருக்கிறது. கேஜ் நகரத் தொடங்கிவிட்டால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்று கை தானாகவே நீளும். அப்படி நீட்டாதே, விட்டு விலகு என்பதே பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுப்பது. ஆயினும் கேஜ் விழுந்து உள்ளிருக்கும் சரக்கு உடைந்தால் விளக்க வேண்டியவர் தாமே என்று அறிந்த மனிதர், அந்த ஒரு கணத்தில் பயிற்சியை நினைப்பாரா, விளக்கத்தை நினைப்பாரா? கால் நசுங்கியவர்களும், தோள் பிசகியவர்களும், பலகையிலிருந்து பின்னோக்கி விழுந்தவர்களும் இத்தொழிலில் எவ்வூரிலும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு முற்றத்தில் துணைக்கு நிற்க வேண்டிய கடைச் சிப்பந்தி உள்ளே அலமாரி அடுக்கிக் கொண்டிருப்பார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, அவருக்கும் ஆள் பற்றாக்குறை.

இறக்கி முடித்தபின் காலி கேஜ்களையும் அமுக்கிக் கட்டிய அட்டைகளையும் பழைய பால் தட்டுக்களையும் ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு சரக்கு உற்பத்தியாளரிடம் புதிய சுமையை எடுத்துக்கொண்டு கிடங்குக்குத் திரும்புவதும் அவர் வேலையே. வெற்று வண்டி ஓடினால் எண்ணெய்ச் செலவு வீண் என்ற கணக்கு நியாயமானதுதான். ஆனால் அந்த இடையிலே சேர்த்த ஒரு நிறுத்தம், கீழே சொல்லப்போகிற நேரக் கணக்கை எப்படிக் குலைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

லாரி ஓட்டுநரின் நேரத்தை அளக்கும் கருவிக்கு டேகோகிராஃப் என்று பெயர். ‘வண்டிக்குள் வைத்த ஒற்றன்’ என்று தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்த காலம் உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கமும் தயங்கியது. 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின்னரே அது அங்கே கட்டாயமாயிற்று. இன்று அதை எதிர்க்கும் ஓட்டுநர் அபூர்வம். முதலாளி ஓய்வில்லாமல் ஓட்டச் சொன்னால் மறுப்பதற்கு அவர் கையில் இருக்கும் அத்தாட்சி அதுவே. விதிகளின் சுருக்கம் இது: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் இடைவேளை, நாளொன்றுக்கு ஓட்டும் நேரம் 9 மணி, வாரத்தில் இரு நாள் 10 மணி வரை, வாரம் 56, இரு வாரங்களில் 90, தினசரி ஓய்வு 11 மணி, இரண்டு வாராந்தர ஓய்வுகளுக்கு இடையில் மூன்று தரம் அதை 9 மணியாகக் குறைக்கலாம். இந்தக் கடைசி விதியினால், வேலைக்கு வந்ததிலிருந்து வேலை முடிகிறவரை ஒரு நாளின் நீளம் 15 மணி நேரம் வரை போகலாம் என்று ஏற்படுகிறது. காலை மூன்று மணிக்கு வந்தவர் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பச் சட்டம் இடந்தருகிறது.

கருவியின் முகப்பில் நான்கு சின்னங்கள் உள்ளன. சக்கரம் என்றால் ஓட்டுகிறார். குறுக்கிட்ட சுத்தியல்கள் என்றால் வேறு வேலை செய்கிறார். கட்டில் என்றால் ஓய்வு. மூலைக்கு மூலை கோடு இழுத்த சதுரம் என்றால் ‘தயார் நிலை’. வண்டி நின்றவுடன் கருவி தானாகவே சுத்தியலுக்குப் போகும். மற்றதை ஓட்டுநர் விரலால் மாற்ற வேண்டும். கிடங்கிலே தளம் காலியாகவில்லை, இரண்டு மணி நேரம் இருங்கள் என்று சொல்லப்பட்டவர் எந்தச் சின்னத்தை அழுத்துவது? அவர் தூங்க முடியாது, பெயர் எப்போது கூப்பிடப்படுமோ. வெளியே போக முடியாது, வரிசை நகர்ந்தால் வண்டியை நகர்த்த வேண்டும். நேர்மையாகச் சொன்னால் அது ஓய்வன்று. ஆனால் 2005-ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்து வேலை நேர விதிகள், காத்திருக்கும் நேரத்தின் அளவு முன்கூட்டித் தெரிந்திருந்தால் அதைத் தயார் நிலை என்று குறித்துக்கொள்ளலாம், அது வேலை நேரத்தில் சேராது என்கின்றன. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரந்தான் வேலை என்று அவ்விதிகள் ஒரு கையால் கொடுத்த பாதுகாப்பு, இந்தச் சதுரச் சின்னத்தின் வழியாக மறு கையால் எடுத்துக்கொள்ளப்படுகிறது. வீட்டை விட்டு வாரம் அறுபது மணிக்கு மேல் வெளியிலிருந்த மனிதர், கணக்கின்படி நாற்பத்தெட்டு மணிக்குள் உழைத்தவராகிறார். ஓய்வு என்று பதிவான நேரத்துக்கோ பல ஒப்பந்தங்களில் கூலியே இல்லை. ஆகையால் காத்திருக்கையில் கட்டிலை அழுத்து என்று சொல்லாமல் சொல்லும் மேற்பார்வையாளர்களும் உண்டு. பொய்ப் பதிவு கண்டுபிடிக்கப்பட்டால், கருவியில் செருகிய அட்டை ஓட்டுநருடையது, விரல் ஓட்டுநருடையது. போக்குவரத்துக் கமிஷனர் முன்னிலையில் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ள நிற்க வேண்டியவரும் அவரே.

இங்கே ஒன்று குறிப்பிடத்தக்கது. காத்திருப்பதனால் ஏற்படும் நஷ்டம் கிடங்குக்காரருக்குச் சிறிதும் இல்லை. தளம் ஒரு நிமிஷங்கூடக் காலியாக நிற்கக்கூடாது என்று அவர் விரும்பினால், எப்போதும் ஐந்தாறு லாரிகளை வாசலில் நிற்க வைத்திருப்பதே அவருக்கு லாபம். பிறருடைய நேரம் விலையில்லாமல் கிடைக்கும்வரையில் அதைச் சிக்கனமாகச் செலவழிக்க எவருக்கும் காரணம் தோன்றாது.

காத்திருந்து காத்திருந்து பதினைந்து மணியும் தீர்ந்துவிட்டால், வீட்டுக்கு இருபது மைல் தூரத்தில் இருந்தாலும் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். எங்கே நிறுத்துவது? நெடுஞ்சாலைச் சேவை நிலையங்கள் மாலையிலேயே நிரம்பிவிடுகின்றன. இடம் கிடைத்தாலும் ஒரு இரவுக்குப் பல இடங்களில் முப்பது பவுண்டுக்குக் குறையாமல் கட்டணம். இல்லையென்றால் சாலையோரத்து ஒதுக்கிடம். அங்கே விளக்கும் இல்லை, குளியலும் இல்லை, கழிப்பிடமும் இல்லை. கழிப்பிடத்தைப் பற்றி எழுதுவது அநாகரிகம் என்று கருதும் வாசகர் பொறுத்தருள வேண்டும், சரக்கைக் கொண்டுவந்த மனிதரை, இது எங்கள் சிப்பந்திகளுக்கு மட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பின கிடங்குகளும் கடைகளும் நெடுங்காலம் இருந்தன, அதுதான் அநாகரிகம். 1992-ஆம் வருஷத்து வேலைத்தல விதிகளின்படி, வந்துபோகும் ஓட்டுநர்களுக்கும் அவ்வசதி அளிக்கப்பட வேண்டும் என்று சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகம் பிற்காலத்தில் தெளிவாக அறிவித்த பிறகும், மறுக்கப்பட்டதாகப் புகார்கள் வந்தவண்ணம் இருந்தன. பெண்கள் இத்தொழிலில் மிகச் சிலராகவே இருப்பதற்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. 2021-ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் சாலையோர வசதிகளை மேம்படுத்த 3.25 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. தேசம் முழுவதற்கும் அது போதுமான தொகையன்று, எனினும் பிழை எங்கே என்று ஒருமுறையாவது ஒப்புக்கொண்டார்களே என்ற அளவில் வரவேற்கத் தக்கது.

வாடகை ஆட்களாக ஏஜென்ஸி மூலம் வரும் ஓட்டுநர்களின் நிலை இன்னும் ஒருபடி தாழ்ந்தது. சூப்பர் மார்க்கெட்டின் சொந்தச் சிப்பந்தியாக, தொழிற்சங்கத்தின் பாதுகாப்புடனும் ஓய்வூதிய உரிமையுடனும் வேலை செய்கிறவர், சக்கரம் பழுதான கேஜை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வரலாம். ஏஜென்ஸி ஆள் அப்படிச் சொன்னால், மறுநாள் அவருக்குத் தொலைபேசி வராது, காரணமும் சொல்லப்படாது. அவர்களுள் அநேகர் தங்களைத் தாங்களே சிறு கம்பெனிகளாகப் பதிவு செய்துகொண்டு வேலை பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் அத்தகைய கம்பெனிகள் மூலம் வேலை செய்பவர்களுக்கான வரிமுறை மாற்றப்பட்டபோது கைக்கு வரும் பணம் குறையவே, பலர் தொழிலை விட்டார்கள். முன்பின் பார்த்திராத கடைக்கு, முன்பின் ஓட்டியிராத இரண்டு தட்டு ட்ரெய்லரோடு அனுப்பப்படுகிறவர்களும் பெரும்பாலும் இவர்களே. அவ்வகை ட்ரெய்லர் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் உயரம் வரும். 3 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள வண்டியில் அந்த உயரத்தை ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி வைக்க வேண்டும் என்று விதி இருந்தும், ரயில் பாலங்களில் வாகனங்கள் மோதுவது ஒவ்வொரு வருஷமும் ஆயிரம் தடவைக்கு மேல் நடக்கிறது.

குளிர்ப்பதனச் சரக்கு வேறொரு கவலை. இங்கிலாந்தில் குளிரூட்டி வைக்க வேண்டிய உணவு 8 பாகைக்கு மேல் போகக்கூடாது. உறையவைத்தது பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே ட்ரெய்லரில், நடுவே நகர்த்தக்கூடிய தடுப்புச் சுவருடன் போகின்றன. கடையில் கதவைத் திறந்து ஒவ்வொரு கேஜாக இறக்குகிற நேரமெல்லாம் குளிர் வெளியேறிக் கொண்டேயிருக்கும். அளவு தவறினால் கடை மேலாளர் முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பலாம். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து காய்கனி கொண்டுவரும் லாரிகளுக்கோ இன்னொரு அச்சம்: ஓட்டுநர் உறங்குகையில் ட்ரெய்லருக்குள் யாரேனும் ஒளிந்து ஏறிவிட்டால், ஒளிந்திருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓட்டுநர்மேல் அபராதம் விதிக்கலாம், 2023 பிப்ரவரி முதல் அதன் உச்சவரம்பு 10,000 பவுண்டு.

எதிர்த்தரப்பில் சொல்லக்கூடியதையும் சொல்ல வேண்டும். இரவில் ஓசை கூடாது என்று குடியிருப்பவர்கள் கேட்பது நியாயம். லண்டனில் 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் இரவிலும் வாரக்கடைசியிலும் செல்லும் தெருக்களை 1985 முதல் கட்டுப்படுத்தி வருவது அதனால்தான். சாவியை வாங்கி வைப்பதும், தளத்துக்குள் வெளியாட்களை விடாததும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. பெரிய ஸ்தாபனங்கள் சில, டெயில் லிஃப்டில் பக்கக் கம்பிகள் பொருத்தியும், கேஜ்களைக் காலாகாலத்தில் பழுது பார்த்தும், இறக்கும் வேலைக்குக் கடை ஆட்களையே நியமித்தும் வருகின்றன. செய்ய இயலாத காரியங்கள் அல்ல என்பதற்கு அவையே சாட்சி.

செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, ஏற்றப்பட்ட சரக்கைக் கதவு சாத்துமுன் ஓட்டுநர் கண்ணால் காண்பது. தளத்துக்குள் அவர் வரக்கூடாது என்றால், முத்திரை இடுமுன் வார்கள் தெரியும்படி நிழற்படம் எடுத்து அவர் கையில் கொடுக்கலாம். ஏற்றியவர் பெயரும் அதனுடன் இருந்தால், பிறகு சாலையில் நடக்கும் விசாரணையில் அவரும் ஒரு கட்சியாவார். அச்சுகளின் மேல் விழும் பாரத்தை ஓட்டுநர் முன்னே காட்டும் மானி இன்று கிடைக்காத கருவியன்று. பல கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் ஒவ்வொரு வண்டியிலும் அதைப் பொருத்தலாம். காத்திருக்க வைத்த நேரத்துக்குக் காக்க வைத்தவரே விலை கொடுக்கவேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தங்களில் ஏறிவிட்டால், வாசலில் நிற்கும் ஐந்தாறு லாரிகள் இரண்டாகக் குறைவதற்கு வெகுநாள் ஆகாது.

இவையெல்லாம் வியாபாரிகள் மனம் வைத்தால் ஆகக்கூடியவை. சட்டத்தின் கையில் இருப்பது தயார் நிலைச் சதுரம். அது ஐரோப்பியச் சங்கத்தின் கட்டளை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று சொல்லும் காலம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் அவ்விதியின் ஒவ்வொரு வரியும் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள பாராளுமன்றத்துக்கு உட்பட்டது. நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் அலமாரிகள் காலியானபோது, ஓட்டும் நேர வரம்பை அரசாங்கம் சில நாட்களுக்குள் தளர்த்திற்று. 2021 ஜூலையில் மறுபடியும் தளர்த்திற்று. ஓட்டுநரை அதிக நேரம் ஓட்டவைக்க வேண்டியபோது விதிகள் அவ்வளவு விரைவாக வளைந்தன. அவர் காத்திருந்த நேரத்தை வேலை நேரம் என்று எழுதிக்கொள்ள அனுமதிக்கும் திருத்தமோ இன்னும் வரவில்லை. தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியது அதையே, வரும் பாராளுமன்றக் கூட்டத்திலேயே.